படத்தில் விழாத புலியை எண்ணுவது எப்படி?

கேள்வி: பந்திப்பூர் காட்டுப் பாதையின் இரு பக்கமும் மரத்தில் கேமரா கட்டியிருந்தார்கள். எல்லாப் புலியுமா அதில் விழும்? பிறகு எப்படி ‘இத்தனை’ என்கிறார்கள்? எங்கள் தெரு நாய்களையும் அப்படி எண்ண முடியுமா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: எல்லாம் விழாது அம்மா. விழாதவை எத்தனை என்பதை, மறுபடி விழுந்தவைதான் காட்டிக்கொடுக்கும். உங்கள் தெருவிலிருந்தே தொடங்குவோம்.

விடியற்காலை ஒரு சுற்று நடந்து, காணும் நாய்களை எல்லாம் இரு பக்கமும் செல்போனில் படம் எடுங்கள். 30 நாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் கழித்து மறுபடி போனால் 28 கிடைக்கின்றன. அவற்றில் 12 பழையவை, அதாவது முதல் சுற்றிலேயே படத்தில் விழுந்தவை. 28-இல் 12 பழையவை என்றால், மொத்த நாய்களிலும் முதல் நாள் கண்ட 30 அதே விகிதம்தான் என்று கொள்கிறோம். மொத்தம் 30 × 28 ÷ 12 = 70. இதுவே லிங்கன்–பீட்டர்சன் முறை. சிறிய எண்களில் இது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அதனால் சாப்மன் திருத்தம்: (31 × 29 ÷ 13) − 1 = 68. ஆனால் 68 என்று மட்டும் சொல்லாதீர்கள். பிழை வரம்பைப் போட்டால் ஏறக்குறைய 48 முதல் 89 வரை வரும். மூன்றாவது, நான்காவது சுற்று போனால் அந்த இடைவெளி குறுகும்.

கெடுவது எங்கே? பிஸ்கட் போடுபவர் வாசலில் இரண்டு நாளும் அதே நாய்கள்தான் நிற்கும். பழையவை பெருகி, விடை குறைந்துவிடும். பழைய நாயைப் புதிது என்று எழுதினால் விடை ஏறிவிடும். காது வெட்டை அடையாளமாக நம்பவே வேண்டாம், கருத்தடை செய்த நாய்களுக்கெல்லாம் அது உண்டு. உடல் திட்டுகளைப் பாருங்கள். சுற்றுகளுக்கு நடுவே பல வாரம் விட்டால் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி எல்லாம் கணக்கில் கலந்துவிடும்.

புலிக்கும் இதே கணக்குதான், அடையாளம் மட்டும் வரிகள். ஒரே புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு. நீங்கள் பார்த்த ஜோடிக் கேமரா அதற்காகத்தான். ஒன்று பழுதானால் பாதிப் படங்களை யாரோடு சேர்ப்பது என்றே தெரியாது. கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் வனவிலங்கு ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் 1990-களில் இதைச் செய்து காட்டினார். இப்போது படம் விழுந்த இடத்தையும் கணக்கில் சேர்க்கிறார்கள், ஏனென்றால் எல்லையோரப் புலி பாதி நாள் வெளியே திரியும். இந்தியாவின் 2022 புலிக் கணக்கெடுப்பு சொன்ன 3,682 கூட சராசரிதான். மேல் எல்லை 3,925.

கடமான், காட்டெருமைக்கு ஒவ்வொன்றையும் பிரித்தறிய முடியாது. அங்கே நேர்கோட்டில் நடந்து, கோட்டிலிருந்து விலங்கு நின்ற செங்குத்துத் தூரத்தை அளப்பார்கள். தூரம் கூடக் கூடக் கண்ணில் படுவது எவ்வளவு வேகமாகக் குறைகிறதோ, அதை வைத்துத் தவறவிட்டதைக் கணிப்பார்கள். கோட்டின் மேலேயே நிற்பதைத் தவறவிட்டால் அந்தக் கணக்கு நிற்காது.