முதல் தடவை சென்னை வருகிறீர்களா? எங்கே தங்குவது என்று என்னைக் கேளுங்கள்

விருதுநகரில் பேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கிறேன். பதினேழு வருடமாக மாதம் ஒரு தடவையாவது பாரிமுனைக்கும் சவுகார்பேட்டைக்கும் சரக்கெடுக்க வருகிறவன் என்பதால், எழும்பூர், திருவல்லிக்கேணி, மண்ணடிப் பக்கம் நான் படுக்காத லாட்ஜ் குறைவு. நட்சத்திர ஓட்டல் பற்றி மட்டும் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

தென்காசியிலிருந்து: அண்ணே, கிண்டியில் காலை 10 மணிக்கு இன்டர்வியூ. பொதிகை ரயிலில் வந்து அன்று ராத்திரியே திரும்புகிறேன். ரூம் எங்கே போட?

தம்பி, குளித்துச் சட்டை மாற்றத்தானே ரூம்? ஸ்டேஷன் ரிட்டயரிங் ரூமோ டார்மிட்டரியோ கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணைப் போட்டு ஐஆர்சிடிசியிலேயே 12 மணி நேரத்துக்குப் பதிவு செய்யலாம். கிடைக்கவில்லை என்றால் தாம்பரத்திலேயே இறங்கி அங்கே ஒரு சின்ன லாட்ஜில் குளித்துவிட்டு மின்சார ரயிலில் கிண்டி போய்விடுங்கள், டிக்கெட் பத்து ரூபாய்கூட ஆகாது. எழும்பூர் வரை போய் அதே பாதையில் திரும்பி வருவது வீண் வேலை.

அறந்தாங்கியிலிருந்து: விடியற்காலை வந்து இறங்குகிறோம். ரூம் 1,000 ரூபாய் என்று பேசிவிட்டு, கணக்கு முடிக்கும்போது 2,000 கேட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். அப்படியும் நடக்குமா?

நடக்கும், எனக்கே நடந்திருக்கிறது. இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். லாட்ஜில் இரண்டு விதக் கணக்கு உண்டு. ஒன்று 24 மணி நேரக் கணக்கு, காலை 5 மணிக்குச் சாவி வாங்கினால் மறுநாள் காலை 5 மணி வரை உங்கள் அறை. இன்னொன்று பகல் 12 மணிக் கணக்கு, எத்தனை மணிக்கு வந்தாலும் 12 மணியோடு ஒரு நாள் முடிந்துவிடும். ராத்திரி ரயிலில் வருகிற நம்மைப் போன்றவர்களுக்கு இந்த இரண்டாவதுதான் பொறி. ஒருமுறை எழும்பூரில் ஐந்தரை மணிக்கு அறை எடுத்தேன். குளித்தேன், டிபன் சாப்பிட்டேன், பாரிமுனை போய்ச் சரக்கு பார்த்துவிட்டு ஒரு மணிக்கு வந்து சாவியை நீட்டினால் இரண்டு நாள் வாடகை கேட்டார்கள். சண்டை போட்டேன். கவுன்டரில் இருந்தவர் ஒன்றும் பேசாமல் தினசரி காலண்டரைக் கொஞ்சம் நகர்த்தினார், அதற்குப் பின்னால் ‘செக் அவுட் 12 நூன்’ என்று ஒரு சாண் போர்டு. அன்றிலிருந்து வாடகையைக் கேட்பதற்கு முன்னால் "எத்தனை மணிக் கணக்கு?" என்றுதான் கேட்பேன். 24 மணிக் கணக்கென்றால் நூறு இருநூறு கூடப் போனாலும் அதையே எடுங்கள். முன்பணம் கட்டும்போது ரசீதில் நேரத்தை எழுதச் சொல்லுங்கள், ஐந்து மணிக்கு வந்தவனுக்கு நாலரை என்று எழுதுகிற கையும் உண்டு.

சேலத்திலிருந்து: செயலியில் 700 ரூபாய்க்கு ‘சென்ட்ரல் அருகில்’ என்று அறை காட்டுகிறது. படம் பளபளவென்று இருக்கிறது. நம்பலாமா சார்?

படத்தை விடுங்கள். மேப்பைத் திறந்து ஸ்டேஷன் வாசலிலிருந்து நடக்க எத்தனை நிமிடம் என்று பாருங்கள். பெரியமேடு என்றால் சரி, நடந்தே போகலாம். ஆனால் ‘அருகில்’ என்று போட்டுவிட்டு அறை புரசைவாக்கத்தைத் தாண்டி இருப்பதையும் பார்த்திருக்கிறேன். அப்புறம், விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தைத் தள்ளிவிட்டு ஒன்று, இரண்டு கொடுத்தவர்கள் எழுதியதை, அதுவும் கடைசி மூன்று மாதத்தில் வந்ததை மட்டும் படியுங்கள். ‘சின்ன அறை’ என்ற புகாரைக் கண்டுகொள்ள வேண்டாம். மூட்டைப்பூச்சி, தண்ணீர் வரவில்லை, போனதும் அறை இல்லை என்றார்கள், இந்த மூன்றில் ஏதாவது ஒரு புகார் இரண்டு தடவை வந்தாலே அடுத்த லாட்ஜைப் பாருங்கள். பதிவு செய்தபிறகும் லாட்ஜுக்கே போன் போட்டு உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள், கிளம்புவதற்கு முன்னால்.

திண்டுக்கல்லிலிருந்து: அம்மாவுக்கு நுங்கம்பாக்கத்தில் கண் ஆபரேஷன். நான்கைந்து நாள் ஆகும். எழும்பூரில் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்களே?

வேண்டாம் அக்கா. மறுநாள் கட்டுப் பிரிக்க, அப்புறம் மறுபடி காட்ட என்று அலைய வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் ஆட்டோ வைத்தால் வாடகையில் மிச்சம் பிடித்த காசு மூன்றாம் நாளே காணாமல் போகும். ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில் எடுங்கள். நுங்கம்பாக்கம், கிரீம்ஸ் சாலைப் பக்கம் நோயாளிகளுக்காகவே அடுப்பு, பாத்திரத்தோடு அறை விடுகிறார்கள், கல்கத்தாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வருகிறவர்கள் அப்படித்தான் வாரக்கணக்கில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆஸ்பத்திரி விசாரணைக் கவுன்டரில் கேட்டால் பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். லிஃப்ட் ஓடுகிறதா (இருக்கிறதா என்றல்ல), வெஸ்டர்ன் டாய்லெட்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் கட்டோடு அம்மா மூன்று மாடி ஏற முடியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து: அண்ணா, பலாலியிலிருந்து விமானத்தில் வாறம், குடும்பமாய் நாலு பேர். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு எல்லா விடுதியிலும் அறை தருவினமா?

எல்லா இடத்திலும் தரமாட்டார்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவு அதிகாரிகளுக்கு ஆன்லைனில் விவரம் அனுப்ப வேண்டும். சின்ன லாட்ஜ்காரர்கள் அந்த வேலைக்குச் சோம்பிக்கொண்டு ‘ரூம் இல்லை’ என்றுவிடுவார்கள். அதனால் கட்டணம் கட்டுவதற்கு முன்னாலேயே "ஸ்ரீலங்கா பாஸ்போர்ட், எடுப்பீர்களா?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள், பாஸ்போர்ட்டும் விசாவும் நகல் எடுத்து வையுங்கள். இடம் என்று கேட்டால் எழும்பூர் அல்லது திருவல்லிக்கேணி. விமான நிலையத்திலேயே மெட்ரோ இருக்கிறது. திருவல்லிக்கேணிக்கு அரசினர் தோட்டத்தில் இறங்குங்கள், எழும்பூருக்கு சென்ட்ரலில் மாற வேண்டும். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மேட்ச் இருக்கிற நாளில் மட்டும் திருவல்லிக்கேணி வேண்டாம், அறையும் கிடைக்காது, விலையும் ஏறியிருக்கும்.

நாகர்கோவிலிலிருந்து: தேர்வு எழுதத் தனியாக வருகிறேன். பெண்ணுக்குத் தனியாக அறை தருவார்களா?

தருவார்கள் அம்மா. ஆதார் இருந்தால் போதும், ஆனால் சில பழைய லாட்ஜ்களில் ‘கூட யார்?’ என்று துருவுவார்கள், அந்த மாதிரி இடத்தில் நீங்களே தங்காதீர்கள். மேன்ஷன் பக்கமும் போக வேண்டாம், அது பேச்சிலர் ஆம்பளைகள் மாத வாடகைக்கு அடைந்து கிடக்கிற இடம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒய்.டபிள்யூ.சி.ஏ. விருந்தினர் இல்லம் இருக்கிறது, எழும்பூரிலிருந்து பக்கம்தான், என் தங்கையை இரண்டு தடவை அங்கேதான் தங்க வைத்தேன். முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அறைக்குள் போனதும் உள்தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள், விழவில்லை என்றால் பையைப் பிரிப்பதற்கு முன்னால் அறையை மாற்றச் சொல்லுங்கள்.

கரூரிலிருந்து: பஸ்ஸில் வருகிறேன். கோயம்பேட்டில் ரூம் எடுத்தால் வசதிதானே?

அது பழைய கதை. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தபிறகு உங்கள் பக்கத்துப் பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. வண்டலூருக்கும் அந்தப் பக்கம். அங்கிருந்து மாநகரப் பேருந்தில் தாம்பரம் வந்து மின்சார ரயில் பிடியுங்கள், அந்த ரயில் பாதையில் எங்கே வேலையோ அங்கே அறை. கையில் பெரிய மூட்டை இருந்தால் பஸ்ஸை விட்டுவிட்டு ரயிலிலேயே வந்துவிடுவது மேல்.

கோவில்பட்டியிலிருந்து: வாடகைக்கு மேல் ஜிஎஸ்டி என்று எவ்வளவு கேட்பார்கள்?

7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் 12 இருந்தது, இன்னும் பழைய விகிதத்தையே போட்டால் கேளுங்கள். வரி கேட்டால் ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்கள். பில் கிடையாது என்றால் வரியும் கிடையாது.