மீன்தோல் ஷூவும் மூடிய பொட்டலமும்

கேள்வி: ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு லோயிஸ் லௌரியின் 'நம்பர் த ஸ்டார்ஸ்' நாவலை வைத்திருக்கிறார்கள். 1943, டென்மார்க், ஜெர்மன் படை, யூதர்கள் என்று சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். சார்ட் செய்யச் சொன்னேன், அழகாகச் செய்தார்கள், கதை மட்டும் மனதில் நிற்கவில்லை. சிப்பாய், யூதர் வேடம் போட்டு நடிக்க வைக்கலாமா?
– ஓர் ஆசிரியை, கோவை

பதில்: முதலில் வேடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். பல வருடங்களுக்கு முன் நானும் அதைச் செய்தேன். சிப்பாயாக வந்த பையன் கத்திக் கத்தி மிரட்டுவதில் குஷியாகிவிட்டான், பெஞ்சுக்கு அடியில் ஒளிந்த பெண் நிஜமாகவே அழுதாள், மற்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு அந்த வகுப்பில் யாரும் எதையும் புரிந்துகொள்ளவில்லை, அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அத்தோடு நிறுத்தினேன்.

போரிலிருந்து தொடங்காதீர்கள், ஷூவிலிருந்து தொடங்குங்கள். கதாநாயகி அன்னமரிக்கு 10 வயது, அவள் தங்கை கிர்ஸ்டிக்கு ஐந்து. தோல் கிடைக்காத காலம் என்பதால் கிர்ஸ்டிக்கு மீன்தோலில் செய்த பச்சை ஷூ வாங்கி வருகிறார்கள், செதில் வேறு தெரிகிறது, அவள் போட மாட்டேன் என்று அழுகிறாள், அன்னமரியின் தோழி எலன் தன் அப்பாவிடம் இருக்கும் மையால் கறுப்பாக்கித் தருவதாகச் சமாதானம் சொல்கிறாள். அந்த எலன்தான் யூதப் பெண். இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, கடையில் எதுவும் கிடைக்காத ஒரு வாரத்தில் உங்கள் வீட்டில் எதை எதாக மாற்றுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கொட்டாவி நின்றுவிடும்.

அடுத்து வெடிச்சத்தம். 1943 ஆகஸ்ட் 29 அன்று டென்மார்க் கடற்படை, தன் கப்பல்கள் ஜெர்மானியர் கைக்குப் போகக் கூடாது என்று தானே அவற்றைக் கோபன்ஹேகன் துறைமுகத்தில் மூழ்கடித்தது. நாவலில் கிர்ஸ்டியின் அம்மா அந்தச் சத்தத்தை, உன் பிறந்தநாளுக்கான வாணவேடிக்கை என்று சொல்லி வைக்கிறார். வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதி கிர்ஸ்டியாகவும் மறு பாதி அம்மாவாகவும் அதே இரவைப் பத்து வரியில் எழுதட்டும். அம்மா ஏன் பொய் சொன்னார் என்று நீங்கள் விளக்கவே வேண்டாம், எழுதும்போதே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பொட்டலம். மாமா ஹென்ரிக்கின் படகுக்கு அன்னமரி ஒரு கூடையில் பொட்டலம் கொண்டு ஓடும் அத்தியாயத்துக்கு முந்தைய நாள் இதைச் செய்யுங்கள். ஆறு பிள்ளைகளிடம் மூடிய உறை ஒன்றைக் கொடுத்து நூலகத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மூன்று பேரிடம் மட்டும் உள்ளே என்ன இருக்கிறது என்று ரகசியமாகச் சொல்லிவிடுங்கள். வழியில் எட்டாம் வகுப்பு அண்ணன், அக்கா நாலு பேர் நின்று, எங்கே போகிறாய், உள்ளே என்ன என்று கேட்கட்டும். மிரட்டக் கூடாது, கேட்டால் போதும். திரும்பி வந்ததும் பேசவிடுங்கள். பெரும்பாலும் தெரிந்தவர்கள்தான் அதிகம் தடுமாறியிருப்பார்கள். அப்புறம் அத்தியாயத்தைத் திறங்கள். எல்லாம் தெரியாமல் இருந்தால் துணிவாக இருப்பது எளிது என்று ஹென்ரிக் நினைப்பது, இனி அவர்களுக்கு வெறும் வாக்கியமாக இருக்காது.

உறைக்குள் ஒரு சாதாரணக் கைக்குட்டையை வையுங்கள். நாவலிலும் அதுதான் இருக்கும். ஸ்வீடனுக்குத் தப்புவதற்காகப் படகில் ஒளிந்திருக்கும் யூதர்களை ஜெர்மானியரின் மோப்ப நாய்கள் பிடித்துவிடாமல் இருக்க, உலர்ந்த முயல் ரத்தமும் கொகெய்னும் தடவிய கைக்குட்டைகளை மீனவர்கள் உண்மையிலேயே வைத்திருந்தார்கள். ரத்த வாசனைக்கு நாய் கிட்டே வரும், கொகெய்ன் அதன் மூக்கைக் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும்.

வரைபடமும் வேண்டும், ஆனால் சார்ட்டாக வேண்டாம். டென்மார்க்கின் ஹெல்சிங்கோருக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே கடல் மிகக் குறுகுமிடத்தில் சுமார் 4 கிலோமீட்டர்தான். உங்கள் பள்ளியிலிருந்து 4 கிலோமீட்டரில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அவ்வளவு பக்கத்தில் பாதுகாப்பான நாடு, நடுவில் ரோந்துப் படகுகள். 1943 அக்டோபரில் சில வாரங்களுக்குள் 7,000க்கும் மேற்பட்ட யூதர்கள் இப்படி அக்கரை சேர்ந்தார்கள்.

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. இந்த நாவலைப் பள்ளியில் படிக்கிறாள். ஹிட்லர், கொலை எல்லாம் இந்த வயதில் தேவையா?
– ஒரு தாய், திருச்சி

பதில்: உங்கள் பயம் சரியானதுதான். ஆனால் இந்த நாவல் வதைமுகாமுக்குள் போவதில்லை, ஒரு குடும்பத்தைத் தப்பவைப்பது பற்றித்தான் பேசுகிறது. கடைசி அத்தியாயத்தில், நாம் நேசிக்கத் தொடங்கிய பீட்டர் கொல்லப்பட்ட செய்தி வரும், அவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த, அன்னமரியின் அக்கா லீஸ் எப்படி இறந்தாள் என்பதும் தெரியவரும். அன்றைக்கு மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள். எல்லோரும் தப்பினார்களா என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்: சுமார் 470 பேர் பிடிபட்டு தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்களிலும் பெரும்பாலோர் உயிரோடு திரும்பினார்கள்.

கேள்வி: டென்மார்க் அரசரே மஞ்சள் நட்சத்திரம் அணிந்து வீதியில் வந்தார் என்று என் மாணவன் இணையத்தில் படித்துவிட்டு வந்தான். உண்மையா?
– ஓர் ஆசிரியர், மதுரை

பதில்: இல்லை. யூதர்களை அடையாளம் காட்ட வேறு பல நாடுகளில் ஜெர்மானியர் கட்டாயமாக அணியவைத்த துணிச் சின்னம்தான் அந்த நட்சத்திரம். டென்மார்க்கில் அப்படி அணிய வேண்டும் என்ற உத்தரவே போடப்படவில்லை. அரசர் பத்தாம் கிறிஸ்டியன் காவலர் இல்லாமல் தனியாகக் குதிரையில் கோபன்ஹேகன் தெருக்களில் போனது உண்மை, நாவலிலும் அது வருகிறது. 1942இல் குதிரையிலிருந்து விழுந்த பிறகு அந்தச் சவாரி நின்றது.

அந்த மாணவனைப் பாராட்டிவிட்டு, இதையே வகுப்பு வேலையாக்குங்கள். நடந்தது, நாவலாசிரியர் கற்பனை செய்தது, ஊர் சொல்வது என்று ஒரு பெரிய தாளில் மூன்று நெடுவரிசை. அன்னமரி எங்கே, கைக்குட்டை எங்கே, அரசரின் குதிரை எங்கே என்று பிள்ளைகள் பென்சிலில் எழுதட்டும். நாவலின் பின்னுரையில் எது உண்மை என்று லௌரியே சொல்லியிருக்கிறார், அதைக் கடைசி நாள் வரை காட்டாதீர்கள். அன்று ரப்பரோடு எல்லோரும் தாளைச் சுற்றி நிற்பார்கள்.