பணவீக்கம் குறைஞ்சிருச்சாம், எனக்கு ஏன் நம்பிக்கையே வரல?

கேள்வி: பணவீக்கம் குறைஞ்சிருச்சுன்னு நியூஸ்ல சொல்றாங்க, என் வீட்டுக்காரரும் அதையேதான் சொல்றார். எனக்கு என்னமோ அடுத்த வருஷம் எல்லாமே எகிறப் போகுதுன்னு தோணுது, அதான் ஃப்ரிட்ஜை இப்பவே இஎம்ஐ-ல மாத்திரலாம்னு சொல்றேன். நான் சும்மா பயப்படுறேனா?

பதில்: சும்மா இல்லம்மா. பணவீக்கம் குறைஞ்சா விலை இறங்கிடாது, ஏறுற வேகம்தான் குறையும், ஏற்கனவே ஏறினது அப்படியேதான் நிக்கும், அதனால நீங்க பாக்குறதும் உண்மைதான் நியூஸும் உண்மைதான்.

வீட்டுக்கு மளிகை வாங்குறது நீங்களாத்தான் இருக்கணும், சரியா? உல்ரிகே மால்மெண்டியர்னு ஒரு பொருளாதார நிபுணர், அவங்களும் கூட வேலை பாத்தவங்களும் அமெரிக்கக் குடும்பங்களோட ஷாப்பிங் கணக்கையும் விலை இனி எவ்வளவு ஏறும்னு அவங்க எதிர்பார்க்கிறதையும் ஒண்ணா வச்சுப் பாத்து 2021-ல எழுதினாங்க. ஒரு பொருளுக்கு எவ்வளவு செலவாகுதுங்கறத விட அத எவ்வளவு அடிக்கடி வாங்குறோம்ங்கறதுதான் மனசுல பதியுதாம், அதுலயும் விலை ஏறினது ஒட்டிக்கிற அளவுக்கு இறங்கினது ஒட்டாது. பொதுவா சர்வேக்கள்ல பெண்கள்தான் பணவீக்கம் அதிகமா இருக்கும்னு சொல்வாங்க, ஆனா ஆம்பளையும் மளிகை வாங்குற வீடுகள்ல அந்த வித்தியாசமே காணாம போயிருது! ரெண்டு மாசம் உங்க வீட்டுக்காரர்கிட்ட பைய குடுத்து அனுப்பிப் பாருங்க.

பெட்ரோலும் இதே கதைதான், ரோட்டுல போறப்ப வர்றப்ப எல்லாம் அந்த விலை கண்ணுல படுது. வயசுக்கும் இதுல பங்கு இருக்கு. 1970-கள் கடைசியில அமெரிக்காவுல விலை கன்னாபின்னான்னு ஏறினப்போ பெரியவங்கள விட இளசுங்கதான் இன்னும் ஏறும்னு நினைச்சாங்க, ஏன்னா அவங்க வாழ்க்கையில பாத்ததே அது ஒண்ணுதான், பெரியவங்க விலை அமைதியா இருந்த காலத்தையும் பாத்திருந்தாங்க.

இப்ப ஃப்ரிட்ஜுக்கு வருவோம். உங்க பயம் மளிகையில இருந்து வந்தது, ஃப்ரிட்ஜ் விலை அதே வேகத்துல ஏறணும்னு ஒண்ணும் இல்ல. போன வருஷம் இதே மாடல் என்ன விலைன்னு பாருங்க, இஎம்ஐ முடியுறப்போ வட்டி, ப்ராசஸிங் ஃபீஸ் எல்லாம் சேத்து எவ்வளவு கூட கட்டுவீங்கன்னும் பாருங்க. ஒரு வருஷத்துல ஏறப்போற விலைய விட அது பெருசா இருந்துச்சுன்னா, பழைய ஃப்ரிட்ஜ் ஓடுற வரைக்கும் ஓடட்டும், இஎம்ஐ-க்குக் கட்டியிருக்கிற காசை மாசாமாசம் தனியா எடுத்து வைங்க.