அப்பா அம்மாவைத் தனியாக அனுப்பப் போகிறேன். டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு விமானத்தில் எத்தனை மணி நேரம்? போகிற நேரமும் வருகிற நேரமும் ஏன் ஒன்றாக இல்லை?

தூரம் சுமார் 12,400 கி.மீ. நடுவில் இறங்காத விமானம் என்றால் ஏறத்தாழ 16 மணி நேரம். ஆனால் அப்பா அம்மாவைத் தனியாக அனுப்பப் போவதாகக் கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் இதோடு நிறுத்த மனம் வரவில்லை. டெல்லி மயூர் விஹாரில் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலர் பிள்ளைகளைப் பார்க்க அங்கே போய் வருகிறார்கள். டிக்கெட் பார்க்கும் வேலை பெரும்பாலும் என்னிடம்தான் வரும்.

அந்த 12,400 என்பது உலக உருண்டை மேல் நூல் பிடித்து அளந்த தூரம். நூல் திபெத், சைபீரியா, அலாஸ்கா வழியாகப் போகும். விமானம் அப்படிப் போக முடியாது. கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால் சீக்கிரமே 10,000 அடி வாக்கில் இறங்கியாக வேண்டும். திபெத்தில் தரையே அதைவிட உயரம். அதனால் சுற்றுவழிதான். அரசியலும் சேர்ந்துகொள்ளும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து மேற்கே போகிற நம் விமானங்களுக்கு நேரம் கூடியது.

எல்லாவற்றையும்விடக் காற்றுதான் முக்கியம். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த காற்று வீசுகிறது, குளிர்காலத்தில் இன்னும் வேகமாக. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இதே டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை மேற்கே போகும் அட்லாண்டிக் வழியிலிருந்து கிழக்கே போகும் பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் சுமார் 13,900 கி.மீ.யிலிருந்து 15,300 ஆகக் கூடியது. நேரமோ கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் குறைந்து பதினாலரை மணி ஆனது! வகுத்துப் பாருங்கள், மணிக்கு 1,050 கி.மீ.க்கு மேல் வருகிறது. விமானத்தின் சொந்த வேகம் 900 வாக்கில்தான். மீதி காற்று தள்ளிவிட்டது. எனக்கு இன்றைக்கும் வியப்பான விஷயம் இது. போகவர நேரம் மாறுவதற்கும் இதுதான் காரணம்: எந்தத் திசையில், எந்த மாதத்தில் பறக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

அப்புறம், டிக்கெட்டில் உள்ள நேரத்தைக் கழித்துப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை நாம் அவர்களைவிட பன்னிரண்டரை மணி முன்னால். மற்ற மாதங்களில் பதின்மூன்றரை. கோடையில் இங்கே அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி 16 மணி நேரம் பறந்தால், அங்கே அதே நாள் காலை 7.30. பெரியவர்களுக்கு உடம்பு அப்போது இரவு எட்டு மணி என்று நினைத்துக்கொண்டிருக்கும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை எந்த நேரக் கணக்கில் போடுவது என்று டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் தமிழில் எழுதிக் கைப்பையிலேயே வைத்துவிடுங்கள்.

விலை குறைகிறதே என்று நடுவில் விமானம் மாறும் டிக்கெட் எடுக்காதீர்கள். டிசம்பர், ஜனவரியில் டெல்லி மூடுபனியால் முதல் விமானம் தாமதமானால் அடுத்தது போய்விடும். தெரியாத ஊரில் அவர்கள் திண்டாடுவார்கள். நடையோரம் சீட், டெல்லி விமான நிலையத்தின் மூன்றாவது டெர்மினலில் வீல்சேர் இரண்டையும் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். வீல்சேரோடு வரும் உதவியாளர் இமிக்ரேஷன் தாண்டி கேட் வரை கூடவே வருவார்.