தட்டு தூக்கும் வேலை

கேள்வி: அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளைச் சோதிக்கும் டிஎஸ்ஏ-வில் ஆட்களைக் குறைத்தால் செலவு மிச்சமாகுமா?

பதில்: ஆளைக் குறைத்தால் வரிசைதான் நீளும். மகளைப் பார்க்கப் போனபோது அங்கே ஒரு விமான நிலையத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன். பயணிகள் தங்கள் பொருள்களை வைத்துச் சோதனைக்கு அனுப்பும் தட்டுகள் காலியானதும், ஓர் ஊழியர் அவற்றை அடுக்கி அடுக்கித் தூக்கி வந்துகொண்டே இருந்தார். பாவம், இடுப்பு ஒடிகிற வேலை! தட்டு தானாகத் திரும்பிவரும் பாதை இருந்தால் அவரைப் பயணிகளைச் சோதிக்கும் வேலைக்கே அனுப்பலாமே. 2006 முதல் எல்லோரையும் காலணி கழற்ற வைத்த விதியை 2025 ஜூலையில் எடுத்தார்கள், நல்ல காரியம். அப்புறம், ஒரு வழிப் பயணத்துக்கு 5.60 டாலர் பாதுகாப்புக் கட்டணம் வாங்குகிறார்கள். 2013-ல் போட்ட சட்டம் அதில் ஒரு பகுதியை அரசின் பற்றாக்குறையை அடைக்கத் திருப்பிவிட்டது. அந்தப் பணம் முழுவதும் சோதனைச் சாவடிக்கே வர வேண்டும்.