கிறிஸ்துமஸ் பலகாரம்: எதை எப்போது செய்து வைக்கலாம்?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் வசிக்கிறோம். எனக்குப் பாரிமுனையில் அலுவலக வேலை; கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட். இதுவரை கிறிஸ்துமஸ் பலகாரம் முழுவதையும் என் மாமியாரே செய்துவந்தார். இப்போது முழங்கால் வலியால் அவரால் அடுப்படியில் நிற்க முடியவில்லை. பிளம் கேக், குல்குல், ரோஸ் குக்கீஸ், அதிரசம், தேங்காய் பர்ஃபி எல்லாம் வீட்டிலேயே செய்து இருபது வீடுகளுக்குத் தட்டு அனுப்புவது எங்கள் வழக்கம். தெருவில் இஸ்லாமியர் வீடுகளும் மார்வாடி வீடுகளும் உண்டு. மாமியார் திராட்சை ஒயினும் போடுவார். ஸ்டாரையும் குடிலையும் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யவும் ஆசை. எனக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமைகளும் சில இரவுகளும்தான். நவம்பரிலேயே தொடங்கினால் கெட்டுப்போகாதா? கடைசி வாரத்துக்கு வைத்துக்கொண்டால் முடியுமா?
– ஒரு வாசகி, சென்னை-21

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நவம்பரிலேயே தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் பலகாரங்களின் பெயர்களை எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முடிப்பதற்குப் பதிலாக, எதில் ஈரப்பசை குறைவோ அதை முதலிலும் எதில் மிகுதியோ அதைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில், மழை ஓயாத டிசம்பரில், காலையில் மொறுமொறுவென்றிருந்த பலகாரம் டப்பா மூடி சரியாக இறுகாவிட்டால் மாலைக்குள் நமுத்துவிடும். அதோடு புயலையும் கணக்கில் கொள்ள வேண்டும். வர்தா புயல் 2016-இல் கரையைக் கடந்தது டிசம்பர் 12 அன்று. 2023-இல் மிக்ஜாம் வந்தது டிசம்பர் முதல் வாரத்தில். மிக்ஜாமின்போது வடசென்னையில் எத்தனை தெருக்கள் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே ஃபிரிட்ஜை மட்டும் நம்பி எதையும் இரண்டு மூன்று வாரம் முன்னதாகச் செய்து வைக்காதீர்கள்.

நவம்பர் கடைசியில் செய்ய வேண்டியவை அப்படியே எடுத்துச் சாப்பிடும் பண்டங்கள் அல்ல, அவற்றுக்கான முன்தயாரிப்புகள். உலர்திராட்சை, பேரீச்சை, முந்திரி, டூட்டி ஃப்ரூட்டி ஆகியவற்றை அலுவலகம் விட்டுவரும் வழியில் சௌகார்பேட்டையிலும், தட்டுக்கு வேண்டிய அட்டைப்பெட்டி, வண்ணத்தாள், பட்டர் பேப்பர் போன்றவற்றை ஆண்டர்சன் தெருவிலும் வாங்கிவிடுங்கள். டிசம்பர் பிறந்தால் கூட்டத்தில் நின்று பார்த்து வாங்க முடியாது. ஆரஞ்சுத் தோலைக் கடையில் வாங்க வேண்டாம். அது கமலாப்பழக் காலம்தான்; பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தோலை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கொதிக்கவைத்து வடித்தால் கசப்பு இறங்கிவிடும். பிறகு சர்க்கரைப் பாகில் போட்டு, கீற்று கண்ணாடிபோலத் தெரியும்வரை சிறுதீயில் வேகவைத்து, ஈரம் போக உலர்த்திப் பாட்டிலில் அடைத்தால் ஒரு மாதம் தாங்கும். கேக்குக்கு நிறம் தரும் கேரமலையும் அப்போதே காய்ச்சிவிடலாம். 100 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில்லாமல் உருக்கி, கருஞ்சிவப்பு நிறமாகிப் புகை எழத் தொடங்கும்போது அடுப்பை அணைத்து, 100 மில்லி வெந்நீரை எட்டி நின்று ஊற்றுங்கள். அது பலமாகத் தெறிக்கும். இந்த ஒரு வேலையின்போது பிள்ளைகள் சமையலறையில் இருக்க வேண்டாம்.

இனி கேக். பழங்களை ரம்மில் ஊறவைத்தால் வாரக்கணக்கில் வெளியிலேயே இருக்கும். அதில் செய்த கேக்கும் நாள்பட நாள்படச் சுவை கூடும். ஆனாலும் நீங்கள் இஸ்லாமியர் வீடுகளுக்கும் அனுப்புகிறீர்கள். இரண்டு விதமாகச் செய்து, எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று கடைசி நேரத்தில் தடுமாறுவதைவிட, எல்லாவற்றையும் ஆரஞ்சுச் சாற்றிலேயே செய்துவிடுங்கள். 400 கிராம் பழக்கலவையோடு 200 மில்லி சாறும் சிறிது வெல்லமும் சேர்த்து, சாறு வற்றும்வரை சிறுதீயில் வேகவைத்து ஆறவிடுங்கள். இதை முதல் நாள் இரவு செய்துகொண்டால் மறுநாள் கேக் வேலை பாதியாகிவிடும். முந்திரியை இதில் சேர்க்காமல் மாவோடு சேருங்கள்; இல்லையெனில் கடிக்கும்போது சொதசொதவென்றிருக்கும். அளவு நம் பாட்டிமார் கணக்குத்தான்: மைதா, வெண்ணெய், சர்க்கரை தலா 250 கிராம், முட்டை ஐந்து, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி. பழங்களை ஒரு கை மைதாவில் புரட்டிக் கலந்தால் அடியில் போய்த் தங்காது. 160 டிகிரி செல்சியஸில் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் மேற்புறம் கருகத் தொடங்கினால் அலுமினியத் தாளால் மூடிவிடுங்கள்.

இந்த அளவுக்கு ஏறக்குறைய 1.4 கிலோ கேக் வரும். ஒரு வீட்டுக்கு நான்கு துண்டு, ஒரு துண்டு 40 கிராம் என்று வைத்தால் இருபது வீடுகளுக்கு 3.2 கிலோ, ஆக மூன்று முறை சுட்டால் உங்கள் வீட்டுக்கும் ஒரு கிலோ மிஞ்சும். சிறிய அடுப்பில் மூன்று முறை சுடுவது ஓர் இரவு வேலையல்ல. மாவைக் கலந்து தட்டில் ஊற்றிக் கொண்டுவந்தால் சுட்டுத்தருவீர்களா என்று பக்கத்து பேக்கரியில் இப்போதே கேட்டு வையுங்கள்; சம்மதித்தால் ஒரே மாலையில் முடிந்துவிடும். டிசம்பர் 18-க்கு முன் சுட வேண்டாம். மது சேராத கேக் நம் காற்றில் ஒரு வாரத்துக்கு மேல் வெளியில் நிற்காது. சுட்ட கேக்கை இரவு முழுவதும் ஆறவிட்டு, உள்சூடு முற்றிலும் தணிந்த பிறகே பட்டர் பேப்பரிலும், அதற்குமேல் அலுமினியத் தாளிலும் சுற்றுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே சுற்றினால் உள்ளே வியர்த்து, நான்காம் நாளில் பூசணம் பூத்துவிடும்.

அதிரசத்தைப் பற்றி உங்களுக்குக் கவலையே வேண்டாம். முன்கூட்டிச் செய்வதற்கென்றே அமைந்த பலகாரம் அது. பாகு மாவை டிசம்பர் இரண்டாம் ஞாயிறன்று கிளறி, மேலே நெய் தடவி, எவர்சில்வர் சம்படத்தில் அழுத்தி வைத்துவிட்டால், மாவு ஊற ஊறத்தான் அதிரசம் மெத்தென்று வரும். ஒரு கிலோ பச்சரிசிக்கு 700 முதல் 750 கிராம் வெல்லம். ஊறிய அரிசியை நிழலில் உலர்த்தி, கையில் எடுத்தால் லேசான ஈரம் தெரியும்போதே இடிக்க வேண்டும். பாகின் பதத்தை உங்கள் மாமியாரிடம் விட்டுவிடுங்கள். அடுப்புக்கு எதிரே ஒரு நாற்காலியும் கையில் ஒரு கிண்ணம் தண்ணீரும் இருந்தால் போதும். பாகை ஒரு சொட்டு விட்டு, அது கரையாமல் விரலில் மெத்தென்று உருள்கிறதா என்று பார்த்து, "இப்போது இறக்கு" என்று அவர் சொல்லும் அந்தச் சில நொடிகளில்தான் அதிரசம் எண்ணெயில் பிரிவதும் பிரியாததும் இருக்கிறது. அவருக்கு முழங்கால்தான் வலிக்கிறது. கண்ணும் கையும் அப்படியேதான் இருக்கின்றன. அவரை வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து அறையில் உட்காரவைக்க வேண்டாம் என்று உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

குல்குல்லும் உட்கார்ந்து செய்யும் வேலையே. முட்டை சேர்க்காமல், ஒரு கிலோ மைதாவுக்கு ஒரு தேங்காயின் கெட்டிப்பால், 100 கிராம் வெண்ணெய், 200 கிராம் பொடித்த சர்க்கரை என்று பிசைந்து ஊறவையுங்கள். புதிய சீப்பின் பற்களில் சிறு உருண்டையை அழுத்திச் சுருட்டி எடுக்கும் வேலையை மாமியாரும் பிள்ளைகளும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்யட்டும். கணவருக்குப் பகல் ஓய்வு கிடைக்கும் ஞாயிறாகப் பார்த்து வைத்துக்கொண்டால் அவரே பொரித்தெடுப்பார். தீ மிதமாகவே இருக்க வேண்டும். தீ அதிகமானால் வெளியே சிவந்து உள்ளே தேங்காய்ப்பாலின் ஈரம் தங்கி, இரண்டே நாளில் நமுத்துச் சிக்கு வாடை வந்துவிடும். நன்றாகப் பொரிந்தது மூன்று வாரம்வரை கெடாது. ஆகவே டிசம்பர் முதல் ஞாயிறே இதற்குப் போதும். சர்க்கரைப் பாகில் புரட்டுவதை மட்டும் 22-ஆம் தேதிக்குத் தள்ளிவையுங்கள், ஏனெனில் மழை ஈரத்தில் சர்க்கரைப் பூச்சு பிசுபிசுத்து உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும்.

ரோஸ் குக்கீஸை 21, 22 தேதிகளில் செய்தால் போதும். அச்சு புதிதென்றால் முந்தைய இரவே எண்ணெயில் ஊறப்போடுங்கள். மாவில் அச்சை முக்கால் பங்கு மட்டுமே முக்க வேண்டும். விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் அச்சைவிட்டுக் கழன்று வராது. டப்பாவுக்குள் வறுத்து ஆறிய அரிசியைத் துணியில் முடிந்து போட்டு வையுங்கள். அப்படியும் நமுத்தால் 120 டிகிரி சூட்டில் பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். தேங்காய் பர்ஃபியில் ஈரம் அதிகம். 23-ஆம் தேதிக்கு முன் தொட வேண்டாம்.

மார்வாடி வீட்டுத் தட்டுகளுக்கு அதிரசம், குல்குல், பர்ஃபி ஆகிய மூன்றும் முட்டையில்லாதவை. அதுவே நிறைவான தட்டு. ஆனால் எண்ணெயிலும் முட்டை பட்டிருக்கக் கூடாது. அதிரசத்தையும் ரோஸ் குக்கீஸையும் ஒரே நாளில் பொரிப்பதாக இருந்தால், புதிய எண்ணெயில் அதிரசத்தை முதலில் பொரித்து மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கப்படும் ஜெலட்டின் கலந்த ஜெல்லி மிட்டாய்களை எந்தத் தட்டிலும் வைக்காமலிருப்பதே நல்லது.

திராட்சை ஒயினை விட்டுவிடுங்கள். 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். நொதிக்கும் சாற்றை இறுக மூடிவைத்தால் பாட்டில் வெடிக்கும் அபாயமும் உண்டு. அதற்குப் பதிலாகப் புளிக்கவைக்காத இஞ்சி ஒயின் போடுங்கள். இடித்த இஞ்சி 100 கிராம், சர்க்கரை ஒரு கிலோ, தண்ணீர் இரண்டு லிட்டர், காய்ந்த மிளகாய் இரண்டு, பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் அரை மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறியதும் நான்கு எலுமிச்சம்பழங்களின் சாற்றைப் பிழிந்துவிட்டால், மழைக்கால இரவில் தொண்டைக்கு இதமான பானம் ஆயிற்று. டிசம்பர் மூன்றாம் வாரம் செய்து ஃபிரிட்ஜில் வையுங்கள். தூரத்து உறவினர்களுக்குச் சின்ன பாட்டில்களில் பரிசாகவும் கொடுக்கலாம்.

ஸ்டாருக்கு மூங்கில் குச்சிகளைக் காற்றாடி செய்பவர்களிடம் கேட்டு வாங்குங்கள். வடசென்னையில் அவர்களுக்குப் பஞ்சமில்லை. இரண்டடி நீளக் குச்சிகள் பத்து, நாலங்குலக் குச்சிகள் ஐந்து வேண்டும். ஐந்து குச்சிகளில் ஒன்றாக இரண்டு நட்சத்திரங்களைக் கட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுக்கிவிட்டு, உள்ளே குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடங்களில் சிறு குச்சிகளை முட்டுக்கொடுத்தால் நடுப்பகுதி உப்பி நிற்கும். இந்தக் கூட்டை நவம்பரிலேயே கட்டிவிடலாம். காற்றாடித் தாளை மட்டும் டிசம்பர் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு ஒட்டுங்கள். அதற்குமுன் ஒட்டினால் ஈரக்காற்றில் மைதாப் பசை விட்டுப்போகும். உள்ளே குண்டு பல்பு வேண்டாம். தாள் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் சிறிய எல்இடி பல்பே போடுங்கள். வயர் இணைப்பு மழை படாதபடி சன்ஷேடுக்கு உள்ளே இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

குடிலின் புல்லைப் பிள்ளைகளின் பொறுப்பில் விடுங்கள். டிசம்பர் 13 அல்லது 14-இல் ஓரிரவு ஊறிய கோதுமையை, துளையிட்ட தட்டில் இரண்டங்குல மண் பரப்பித் தூவி, மூன்று நாள் ஈரத்துணியால் மூடிவைத்துப் பிறகு வெளிச்சத்தில் வைத்தால் 24-க்குள் நாலங்குலம் வளர்ந்து நிற்கும். மண் ஈரமாக இருந்தால் போதும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

24-ஆம் தேதிக்கு அடுப்பு வேலை எதையும் மிச்சம் வைக்காதீர்கள். மறுநாள் விருந்துக்கான விந்தாலுவைக்கூட 23 இரவே சமைத்து ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்; வினிகர் சேர்ந்த அந்தக் குழம்பு ஒரு நாள் ஊறினால்தான் கறிக்குள் காரமும் புளிப்பும் இறங்கும். 24 மாலை நான்கு மணிக்குத் தட்டுகளைப் பரப்பி, முதலில் கேக், அதிரசம், பர்ஃபி ஆகியவற்றைத் தனித்தனிப் பட்டர் பேப்பரில் மடித்து வையுங்கள், பிறகு குல்குல். ரோஸ் குக்கீஸைத் தட்டு வாசலைத் தாண்டும் நேரத்தில் மேலே வையுங்கள். ஆறு மணிக்குள் பிள்ளைகள் இருபது வீட்டுக்கும் கொடுத்துவிட்டு வந்தால், இரவு ஆராதனைக்குப் புறப்படும்முன் நீங்கள் சற்று நேரம் படுத்து எழலாம்.