ரிமோட் காரின் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் எதற்கு? ஸ்பிரிங் மட்டும் போதாதா?

போதாது. ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்கும், மேடு பள்ளத்தில் அமுங்கி எழும். ஆனால் அதற்கு நிற்கத் தெரியாது, துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலை அடக்குவதுதான் எண்ணெயின் வேலை.

குழாய்க்குள் இருப்பது சிலிக்கோன் எண்ணெய். அதில் ஏறி இறங்கும் பிஸ்டனில் சுமார் 1.5 மி.மீ. அகலத்தில் சில துளைகள் இருக்கும். எண்ணெய் அவற்றின் வழியே நெருக்கியடித்துப் போகவேண்டும். ஜல்லிக்கரண்டியை மோரில் அமுக்கிப் பாருங்கள், அப்புறம் இட்லி மாவில். மாவில் கை தானாக மெதுவாகும். கெட்டி எண்ணெயும் சிறிய துளையும் செய்வது அதைத்தான். குளிரில் எண்ணெய் இன்னும் கெட்டியாகும், அதையும் கணக்கில் வையுங்கள்.

எண்ணெய் ஊற்றியதும் மூடிவிடாதீர்கள். பிஸ்டனை மெல்ல ஏற்றி இறக்கினால் ஊசிமுனை போன்ற குமிழிகள் வரிசையாக மேலே வரும். அவை அடங்கும்வரை சில நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். குமிழி தங்கினால் அந்த இடத்தில் பிஸ்டன் தடையே இல்லாமல் வழுக்கும். என்னைக் கேட்டால், எந்த எண்ணெய் என்பதைவிட இந்தப் பொறுமைதான் முக்கியம்.

கார் தாழ்வாக நிற்கிறது என்று கெட்டி எண்ணெய் ஊற்றுபவர்கள் உண்டு. நிற்கும் உயரத்தை எண்ணெய் மாற்றாது, ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் வளையம்தான் மாற்றும்.